லைட் பாக்ஸில் நின்ற பீர்

நல்லூரில் நானும் என் மச்சானும், அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணனும், சேர்ந்து பனியன் கம்பெனி நடத்திவந்தோம். எங்களுக்குச் சோறு போட்டவர், ஒரு துணிக் கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் பையரான டென்மார்க்காரர் ஒருவர். வருகிற ஆர்டரில் பெரும்பாதி அவர் கொடுப்பது. ஒருமுறை வந்தபோது சாம்பிள் பெட்டியிலிருந்து நாலு பீர் பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்தார். அவரே வீட்டில் காய்ச்சிய லாகர் வகை பீராம். ஹாப்ஸ் என்றொரு கொடியின் பூவை அள்ளிப் போட்டிருக்கிறாராம். ஊரில் எல்லாரும் முகத்துக்காகப் புகழ்கிறார்கள், நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கள், நன்றாக வந்திருந்தால் வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஓர் ஆலை போடப்போகிறேன் என்றார்.

எனக்குப் பகீரென்றது. இவர் வேலையை விட்டால் எங்கள் கதி என்ன? அதுவும் போக, உள்ளதைச் சொல்லச் சொல்லி எங்கள் ஊரில் வந்தா கேட்பது! விருந்தாளி கொடுத்தது வேப்பெண்ணெயாக இருந்தாலும் நல்லா இருக்குங்க என்போம்.

அவர் தையல் பகுதியைப் பார்க்கப் போனார். மச்சானுக்கு ஒரு பழக்கம். பையர் எதைக் கொடுத்தாலும், துணியோ பட்டனோ, முதலில் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிடுவார். சாயத்தின் நிறம் பார்ப்பதற்காக விதவிதமான ட்யூப் லைட் போட்ட பெட்டி அது. வெள்ளைக் கண்ணாடி பாட்டில்களில் மூன்றுக்குத்தான் அதில் இடமிருந்தது. நாலாவது ஃப்ரிட்ஜுக்குப் போனது. எல்லா லைட்டையும் போட்டார். நல்ல தங்க நிறம், துளிக் கலங்கல் இல்லை. ஷேடு ஓகே என்றவர், லைட்டை அணைக்காமலே சாப்பிடப் போய்விட்டார்.

சாயங்காலம் அந்த மூன்றையும் குளிரவைத்து ஆபீஸ் ரூமில் திறந்தோம். குப்பென்று நாற்றம். கருகிய ரப்பரும் அழுகிய பூண்டும் சேர்ந்தாற்போல. மூச்சைப் பிடித்து விழுங்கிவிட்டு, ஊர் வழக்கப்படி சூப்பர் என்றேன். டென்மார்க்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போயிற்று. இது என் கைக்கு வராது, பேசாமல் டி-சர்ட்டே வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று சிரிக்கப் பார்த்தார். பாவமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மச்சான் லைட் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். லைட்டிலேயே நின்றதில்தான் கெட்டிருக்கும் என்று எனக்கும் புரிந்துவிட்டது. மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் அசையவில்லை.

"நாம செஞ்ச தப்ப அவரு தலைல கட்டலாமுங்களா, மாப்ள?"

தமிழில் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, தெரிந்த இங்கிலீஷில் அவரிடம் நடந்ததைச் சொன்னார். டென்மார்க்காரர் சற்று முழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஹாப்ஸ் போட்ட பீருக்கு வெளிச்சம் ஆகாதாம், அந்த மாதிரி லைட்டில் சீக்கிரமே நாறிவிடுமாம். வெயில் படாமல் கொண்டுவந்ததால் அந்த நினைப்பே தனக்கு வரவில்லை என்றார்.

நாலாவதைத் திறந்தோம். நாரத்தை இலையைக் கசக்கினாற்போல வாசம். வாயில் முதலில் ரொட்டியின் லேசான இனிப்பு, பின்னாலேயே கசப்பு. எங்கள் ஊர்க் கடை பீர் போலத் தொண்டையை அறுக்கவில்லை. வேப்பம்பூ ரசம் மாதிரி நாக்கில் கொஞ்சம் நின்று, சுத்தமாகப் போய்விட்டது. அடுத்த வாய்க்கு மனசு தானாகப் போனது. கசப்பு ஒரு பிடி கூடுதல்தான், ஆனால் குறைத்துவிடாதீர்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அடுத்த சீசனுக்குள் அவர் வேலையை விட்டு ஆலை போடப் போய்விட்டார், அவர் இடத்தில் வந்தவரிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மச்சான்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவர் மெயிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்த பீரு நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார்.

ஆமாங்க என்றேன்.