திறந்திருந்த கதவு

தாம்பரம் கோர்ட்டில் நான் குறுக்கு விசாரணை செய்த சாட்சிகளில் அந்த அம்மாவை மட்டும் மறக்க முடியவில்லை. ஒடிசலான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த கொண்டை. எந்த வாசலிலும் சட்டென்று நுழைய மாட்டார். நின்று யார் முகத்தையாவது பார்ப்பார். அவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த அடி.

நாவலூர் அபார்ட்மெண்ட் ஒன்றில் வீட்டு வேலை பார்த்தவர். வளையலைத் திருடியதாகச் சந்தேகப்பட்டு நாள் கணக்கில் அடைத்து வைத்தார்கள் என்பது புகார். வீட்டுக்காரர்களுக்கு நான் வக்கீல்.

"கதவை வெளியே பூட்டியிருந்தாங்களா?"

"இல்ல சார்."

"உங்களை அடிச்சாங்களா? கட்டிப் போட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்போ எழுந்து போயிருக்கலாமே? ஏன் போகல?"

நீதிபதியின் முகத்தைப் பார்த்தார்.

"யாரும் போன்னு சொல்லல சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். பூட்டாத அந்தக் கதவைக் காட்டித்தான் பிற்பாடு என் கட்சிக்காரர்களுக்கு விடுதலை வாங்கினேன்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் கலைந்தார்கள். கேஸ் கட்டுகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். கோர்ட் ஹாலின் இரட்டைக் கதவு விரியத் திறந்திருந்தது. உட்பக்கம், செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் நின்றிருந்தார்.

"நான் வூட்டுக்குப் போலாமா சார்?"

என்னையா கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. தலையாட்டினேன். அப்புறம்தான் வாசலைத் தாண்டினார்.

நான் தலையாட்டாமல் இருந்திருந்தால் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்?