வார்ப்பாலை முற்றத்தில் ஒரு மரக்கூடம்

"யாரு செத்தா?" என்று கேட்டார் கல்மாத்.

மகள் புருல் சமையலறை மேசையில் வைத்திருந்த அட்டை மாதிரியைப் பார்த்துத்தான் கேட்டார். வட்டச் சுவர், குவிந்த கூரை, உச்சியில் வெளிச்சத்துக்கு ஒரு வளையம். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் அடுக்குமாடி வாசலில் வட்டக் கூடாரம் எழுந்தால் அங்கே சாவு என்று குழந்தைக்கும் தெரியும்.

"அப்பா, இது கச்சேரி நடத்த. பக்கத்துலயே காபிக்கடை."

"நல்லது. அழுதா தொண்டை காயும்ல."

புருல் கட்டடப் பொறியாளர். மூடிப்போன டிராக்டர் ஆலையில் இரும்பு வார்த்த வார்ப்பாலையின் முற்றத்தில் அந்த மரக்கூடம் வரவிருந்தது. கல்மாத் அங்கேதான் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினார். கீழே இரும்பு உருகும். மேலே கூண்டில் அவர் வார்ப்பு மணலின் தூசியையும் புகையையும் குடிப்பார். ஆலை மூடியபோது அவரிடம் மிஞ்சியது பாதி நுரையீரல். இப்போது அந்தக் கொட்டகைகளில் துணிக்கடையும் பேக்கரியும்.

வசந்தத்தில் கூடம் திறந்தது. நாலு மாடி இறங்க மூச்சில்லாததால் கல்மாத் போகவில்லை. அவரோடு வேலை பார்த்த ஷெர்காசி போனார். வாசலில் நுழைந்தவர் கூடத்தைச் சாவுக் கூடாரம் என்று நினைத்து, ஊர் வழக்கப்படி சாவு வீட்டுக்கு வரும் ஆண்பிள்ளையைப் போல, இடுப்பில் கைவைத்து உரக்க அழுதுகொண்டே ஓடினார். காபி குடித்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

கதையைக் கேட்டுக் கல்மாத் இருமும்வரை சிரித்தார். "யாருன்னே தெரியாம அழுதியாடா?"

"பாதி தூரம் ஓடிட்டேன் அண்ணே. அப்புறம் எப்படி நிறுத்துறது?"

சிரிப்பு அடங்கியதும் கல்மாத் மகளைப் பார்த்தார். "நான் போனா என்னை அங்கேயே வை. இங்க கூடாரம் போட இடமேது? எல்லாம் காரு."

அவர் விளையாடவில்லை. புருல் மறுநாளே வளாக மேலாளரிடம் கேட்டாள்.

"ஒரு தடவை பொணம் வெச்சா அப்புறம் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் எவன் வருவான்? நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார் அவர்.

வீட்டில் சொன்னபோது கல்மாத் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "ஆலையை மூடி ஒரு தடவை வெளிய போன்னாங்க, போனேன். ரெண்டாவது தடவையும் சொல்லிட்டாங்க. விடும்மா."

நவம்பரில் அவர் இறந்தார். வாடகைக் கூடாரம் குப்பைத் தொட்டிக்கும் மின்மாற்றிக்கும் நடுவே நின்றது. உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து அமர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். புருலுக்குப் பாட்டு வரவில்லை. அத்தை விலாவில் இடித்தாள். "பாடுடி. மக பாடலைன்னா ஊர் என்ன சொல்லும்?"

"கிரேன் ஓட்டினாரு" என்றாள் புருல். "மணலும் புகையும் தின்னாரு." அதற்கு மேல் வரவில்லை.

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. சாயங்காலம் ஷெர்காசி அங்கிருந்து திரும்பி வந்து அவளருகே உட்கார்ந்தார்.

"ஆலை வழியாத்தான் போனோம், பொண்ணே. உள்ள ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறோம்னு கேட்டோம். காவல்காரன் கேட்டைத் திறக்கல."

"அப்புறம்?"

"ரோட்டுலயே வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வெச்சோம். கம்பி வழியா உன் கூரை தெரிஞ்சுது. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சான். கிளம்பிட்டோம்."

புருல் அவருக்குத் தேநீர் ஊற்றினாள். கிண்ணம் நிரம்பி வழிந்தது; அவர் அதை அப்படியே எடுத்துக் குடித்தார்.