சீரகச்சம்பா ரெண்டு!

பிள்ளைகளா,

இந்த வார்த்தையை எனக்கு எழுதத்தான் முடியும். வாயால் கூப்பிடப் போனால் முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வீட்டில் உங்களைக் "கண்ணுகளா" என்று கூப்பிடுகிறேன். அத்தா செல்லமாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருப்பீர்கள். செல்லமும்தான்.

மூத்தவளே, போன வாரம் நான் கடையிலிருந்து வந்ததும் செல்லைக் கவிழ்த்து வைத்தாயே, அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். உன் தம்பி சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, நீ அழுததைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னான். யார் வேண்டுமானாலும் பேர் சொல்லாமல் உனக்கு எழுதலாம் என்று ஒரு லிங்க் போட்டிருந்தாயாம். முதலில் எல்லாம் நல்லதாகத்தான் வந்ததாம். நீ வைத்துவிடுகிற மருதாணி அழகாக இருக்கிறது, கணக்கில் நீதான் கெட்டி என்றெல்லாம். அப்புறம் இது வந்ததாம்: "உங்க அத்தா கடைக்குப் போனோம். அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போச்சு."

மறுநாள்தான் நீ சொன்னாய், "இந்தத் தடவை ஸ்கூல் மீட்டிங்குக்கு அம்மா வரட்டும்த்தா. நீங்க கடையைப் பாருங்க."

என்னைப் பார்த்து நீ வெட்கப்படவில்லை. அங்கே யாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று பயந்தாய். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பேர் சொல்லாமல் பேசுகிற இந்த விஷயம் உங்கள் காலத்தில்தான் வந்தது என்றில்லை. எனக்கும் அதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருபது வயது இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் சப்ளையராக இருந்தேன். டேபிளில் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அடுப்படியைப் பார்த்துக் கூவ வேண்டும். "ரெண்டு பிரியாணி, ஒரு சுக்கா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி. திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வேலைக்குப் போனவனுக்கு "பி" வராது என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். முதல் நாள் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. சட்டென்று, "சீரகச்சம்பா ரெண்டு!" என்று பிரியாணிக்குப் போடுகிற அரிசியின் பேரைக் கூவிவிட்டேன்.

மாஸ்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஏலே, சப்ளையரு வேலைக்கு வந்தியா, அரிசி மண்டிக்கு வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அதுவே என் ஸ்டைல் ஆகிவிட்டது. பழனிக்குப் போகிற கூட்டம்கூட, "எங்கய்யா அந்தச் சீரகச்சம்பா தம்பி?" என்று கேட்கும். அது ஸ்டைல் இல்லை, தப்பித்து ஓடுகிற வழி என்று ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டில்கூட நான் வாய் விட்டுச் சொன்னதில்லை.

மதியக் கூட்டம் ஓய்ந்து சாயங்காலக் கூட்டம் வரும்வரை செத்த நேரம் கிடைக்கும். அப்போது எதிரில் மாடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போவேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பள்ளிவாசல் மாதிரி. பிளைவுட்டால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப்போட்ட திரை. டிவி மாதிரி பெரிய பெட்டி, எழுத்து அழிந்த கீபோர்டு. கீழே பூக்காரம்மாக்களும் கண்டக்டர்களும் போடுகிற சத்தம் அங்கே பாதியாகத்தான் கேட்கும். சாட் ரூமுக்குள் போய், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவேன். விரலுக்குத் திக்கல் கிடையாது, கண்ணுகளா. எனக்கு அது எம்புட்டுப் பெரிய விஷயம் தெரியுமா? ஜோக்கு அடித்தேன், அரசியல் பேசினேன், மட்டன் வேகுகிற பக்குவத்தைப் பற்றி யாரோ துபாய்க்காரரோடு சண்டைகூடப் போட்டேன். இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னமும் என்னையறியாமல் மாடியைப் பார்த்துவிடுகிறேன்.

அங்கே எனக்கு இரண்டு பேர் பழக்கம். ஒருத்தர் பேர் "ஆந்தை". ஆணா பெண்ணா, வயது என்ன, ஒன்றும் தெரியாது. ரொம்பப் பேசமாட்டார். இன்னொருத்தி "கொடைக்கானல் ரோஜா". அவள் நிறையப் பேசுவாள், நிறையக் கேட்பாள். எங்கே வேலை, எப்படி இருப்பீங்க, மனசுல என்ன குறை. இப்படி என்னைக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை. கடையைச் சொன்னேன். "பி" வராததையும், அரிசிப் பேரைச் சொல்லித் தப்பிப்பதையும் சொன்னேன். ஆந்தையிடமும் அதையே சொன்னேன். ஒரே ரகசியம், ஒரே வாரத்தில், இரண்டு பேரிடம்.

அடுத்த வாரம் மதியம் நல்ல கூட்டம். கடைக்கு அடிக்கடி வருகிற இரண்டு பேர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள், வந்து உட்கார்ந்தார்கள்.

"என்ன வேணும்ண்ணே?"

"ரெண்டு... அது பேரு என்னடா மாப்ள?"

"எனக்கும் மறந்துபோச்சு. தம்பிகிட்டயே கேளு."

"சீரகச்சம்பாவா அண்ணே?" என்றேன்.

"அது அரிசில்ல? அரிசியைத் திங்க நாங்க என்ன கோழியா? வெந்ததுக்கு ஒரு பேரு இருக்கும்ல, அதைச் சொல்லு. முதல் எழுத்து மட்டும் சொன்னாப் போதும்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒருவன் விரலால் டேபிளில் டைப் அடிக்கிற மாதிரி தட்டிக்கொண்டே, "ரோஜாட்ட மட்டும்தான் சொல்லுவியாக்கும்?" என்றான். அப்போதுதான் விளங்கியது. கொடைக்கானலும் இல்லை, ரோஜாவும் இல்லை. எனக்கு இரண்டு திரை தள்ளி உட்கார்ந்து இந்த இரண்டு பேரும்தான் தட்டியிருக்கிறார்கள். பக்கத்து டேபிள்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தண்ணீர் ஜக்கை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டேன்.

நேராக மாடிக்குத்தான் போனேன். ஆந்தை இருந்தார். "வேலையை விடப்போறேன். தோல் ஷாப்புக்குப் போறேன். அங்க தோலைக் கழுவி ஊறப்போடுற வேலை, யார்கிட்டயும் பேசவேண்டாம்" என்று தட்டினேன்.

ஆந்தையின் பதில் வந்தது.

"எனக்கு 'க' வராது."

அவ்வளவுதான். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மீதியும் வந்தது. "வராத வார்த்தையோட நேரா மோதாத. அதுக்கு முன்னாடி இருக்கிற வார்த்தையைப் பாட்டு மாதிரி இழு. அது முதுகுல இதை ஏத்தி அனுப்பிரு. சிக்குனா சிக்கட்டும். ஓடாத. ஓட ஆரம்பிச்சா ஒவ்வொரு எழுத்தா விட்டுட்டு ஓடணும்."

இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குள் போனேன். பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர் என்று கண்டக்டர்கள் கூவுகிற இடத்தில் நின்று நானும், "ரெண்டேஏஏய் பிரியாணி!" என்று கூவிப் பார்த்தேன். அந்த இரைச்சலில் யார் கவனிக்கப் போகிறார்கள்? கூடை வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "ஏப்பா, அது தாடிக்கொம்புல நிக்குமா?" என்று கேட்டது.

வேலையை விடவில்லை. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த ரெண்டு பேரும் மறுபடி வந்தார்கள். கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. அடுப்படியைப் பார்த்து, "ரெண்டேஏஏய் பிரியாணி!" என்று குரல் கொடுத்தேன். மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "ஏலே, சீரகச்சம்பாவை எவன்டா தூக்கிட்டுப் போனான்?"

ஆந்தைக்கு நன்றி சொன்னேன். "சந்தோசம்" என்று ஒரு வார்த்தை வந்தது. கொஞ்ச மாதத்தில் அவர் வருவது நின்றது. பிறகு அந்த ரூமே இல்லாமல் போனது. அந்த ஆளை ரோட்டில் எதிரில் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. நம் கடையில் வந்து சாப்பிட்டுக்கூடப் போயிருக்கலாம்.

அதனால்தான் லிங்க்கை எடுத்துவிடு என்று உன்னைச் சத்தம் போட எனக்கு மனசு வரவில்லை. பேர் தெரியாத இடத்தில்தான் எனக்கு ஆந்தை கிடைத்தார். பேர் தெரிந்த ஒருத்தரிடம் நான் வாயே திறந்திருக்கமாட்டேன், அவரும் "க"வைச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அதே திரைக்குப் பின்னாடிதான் ரோஜாவும் இருந்தது. எது எது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் முன்கூட்டித் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன். ரோஜா தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என்னையே கேட்டுக்கொண்டிருந்தது. ஆந்தை தன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் எனக்குப் புத்தி சொன்னார். உங்களைத் தோண்டுகிறவர்களிடம் வீடு, கடை, மனசு எதையும் காட்டாதீர்கள். குத்துகிற மாதிரி ஏதாவது வந்தால் செல்லைக் கவிழ்க்காதீர்கள், எங்களிடம் நீட்டுங்கள். நாங்கள் படித்தவர்கள் இல்லை, ஆனால் பக்கத்தில் உட்காருவோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்தபோது உங்கள் அம்மா ஆசைப்பட்ட பேர் "பா"வில் ஆரம்பித்தது. நான்தான் வேறு பேர் வைத்தேன். காரணம் இப்போது உனக்குத் தெரியும்.

இன்றைக்குக் காலையில் மீட்டிங்குக்கு நான்தான் போனேன். உங்கள் அம்மாதான், "நீங்க போங்க, கடையை நான் பார்த்துக்கிறேன். பிரியாணிதானே, எனக்கு அது நல்லாவே வரும்" என்று கிண்டல் செய்து அனுப்பிவிட்டது. உன் டீச்சர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இரண்டு இடத்தில் பேச்சு நின்றது. டீச்சர் காத்திருந்தார். பின்னாடி யாராவது சிரித்தார்களா என்று தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்து புங்கமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்தேன். உன் தம்பி என் செல்லில் எடுத்துக் கொடுத்திருந்த உன் லிங்க்கைத் திறந்தேன். "மீட்டிங்ல ஒருத்தர் பேசினார், நிதானமா, அருமையா. யாரும்மா அவரு?" என்று அடித்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. அழித்துவிட்டேன். பிறகு உன் நம்பரை எடுத்து, மைக் பட்டனை அழுத்தினேன். நான் இதுவரை யாருக்கும் வாய்ஸ் அனுப்பியதில்லை.

"மீட்டிங் முடிஞ்சுச்சும்மா. மத்தியானம் உனக்குப் பி... பி..."

வழக்கமாக நான் இழுக்கிற "ரெண்டேஏய்" அங்கே முன்னால் இல்லை. நின்றுவிட்டது. விரலை ஒரு பக்கமாக இழுத்தால் எல்லாம் அழிந்துவிடும், எடுத்தால் உனக்கு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இழுக்கவில்லை. அது வருகிறவரை அழுத்திக்கொண்டே இருந்தேன். வந்ததும் விரலை எடுத்தேன்.