அப்பாவுக்கு வருத்தம்

போன வருடம் ஆடி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. இடம் ஐந்தருவி. எதைச் சொன்னாலும் மாதத்தையும் கிழமையையும் முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம். வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்படிக் குறித்து வைக்காமல் இருந்திருந்தாலும் மறந்திருக்க மாட்டேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. ஜெர்மனியில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கு வேலைக்கு வந்திருந்த தென்காசிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். தென்காசியில் ஒரு மாடி அறையில், ஜெர்மனிக்குப் போக விரும்பும் நர்சுகளுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்கிறேன். கீழப்பாவூரிலிருந்தும் வடகரையிலிருந்தும் பிள்ளைகள் பஸ் பிடித்து வருகிறார்கள். காகிதத்தில் நான் வெளிநாட்டுக்காரி. பேசுவது தமிழ். ஆனாலும் நான் வாயைத் திறந்தவுடன் இங்கே எல்லோரும் கேட்பது, "நீங்க கேரளாவா?" என்றுதான்.

ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் வராத வருடம் கிடையாது. சிதம்பரம், ராமேஸ்வரம் என்று கோயில் பார்க்க வருகிறவர்கள் கடைசியில் என் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறப்பார்கள். மிளகாய்த்தூள், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, பனம்பழச் சாற்றைக் காயவைத்த பனாட்டு எல்லாம் வெளியே வரும். வீடு முழுக்கப் பனம்பழ வாசனை அடிக்கும். அவர்கள் இருக்கும் நாட்களில் எனக்கு இரண்டு வேலை. மாலையில் ஜெர்மன் ஆசிரியை. மற்ற நேரமெல்லாம் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர். சித்தப்பா ஒருவர் வந்திருந்தபோது டவுன் பஸ்ஸில், எங்கள் ஊர் வழக்கப்படி, இறங்க வேண்டும் என்பதற்காக "இறக்கம்! இறக்கம்!" என்று சத்தம் போட்டார். கண்டக்டர் குனிந்து முன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "எறக்கமா? ரோடு சமமாத்தான சார் கெடக்கு" என்றார். பஸ் இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் நின்றது.

அந்த ஆடியில் வந்திருந்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். அப்பா ஓய்வு பெற்ற தபாலதிபர். நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். காலையில் இன்சுலின் ஊசி போட்டு, உடனே சாப்பிட வேண்டும். அவருடைய சர்க்கரைக்கு அம்மாதான் போலீஸ். சீனி டப்பாவை மேல் தட்டில் வைத்துவிடுவார். தெரிந்தவர்கள் அன்போடு கொண்டுவந்த அல்வாப் பொட்டலத்தை அப்பா பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அப்பா அன்று முழுவதும் பக்கத்து வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் வேலையாகச் சென்னை போயிருந்ததால், ஞாயிறு காலையில் பழக்கமான ஆட்டோ அண்ணாச்சியை வரச் சொல்லியிருந்தேன். அப்பா வழக்கமான நேரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டார். இட்லி எடுத்து வைத்தேன். அதற்குள் வாசலில் நின்ற அண்ணாச்சி, "சாரே, கூட்டம் வருமுன்னே போயிட்டு வரலாம் கேட்டோ" என்று அவருக்குத் தெரிந்த மலையாளத்தில் அழைத்தார்.

"தம்பி, நான் தமிழ்தான்" என்றார் அப்பா.

"நானும் தமிழ்தான் சார். நீங்க பேசுனதக் கேட்டு, ஒங்களுக்காக மெனக்கெட்டுப் பேசுதேன்" என்றார் அவர்.

அப்பா சிரித்தபடி எழுந்துவிட்டார். போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது, குளித்துவிட்டுச் சூடாகச் சாப்பிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. இட்லியைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டோம்.

ஐந்தருவியில் போய் இறங்கினால், ராத்திரி மலையில் பெய்த மழைக்குத் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். "இந்தா இப்ப விட்டுருவாவ" என்று கூட்டத்தில் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பா முன்வரிசையில் பிடித்த இடத்தை விட்டு நகரவில்லை. தூக்குவாளி கீழே ஆட்டோவில் இருந்தது. ஒருவழியாகக் கயிற்றை எடுத்தபோது ஆண்கள் பக்கம் அப்பா போனார், பெண்கள் பக்கம் நான் போனேன். அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. பைகளையும் என் செல்போனையும் வைத்துக்கொண்டு, வழியிலிருந்த ஒரு அல்வா, சிப்ஸ் கடையின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நடந்ததில் பாதியை அம்மாவும் மீதியை அந்தக் கடைக்கார அக்காவும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா அருவியிலிருந்து வந்தபோது கால் பின்னியிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தவர் பேசவில்லை. உடம்பு நடுங்கியது. ஈர உடம்பு என்பதால் வியர்த்தது யாருக்கும் தெரியவில்லை. அம்மா தலையைத் துவட்டப் போனபோது கையைத் தட்டிவிட்டார். அப்பா அப்படிச் செய்கிறவர் அல்ல. அம்மா பயந்து போய்க் கடைக்கார அக்காவிடம் ஓடினார்.

"பிள்ளை, இவருக்குச் சரியான வருத்தமாக் கிடக்கு. கதைக்கிறாரில்லை. ஆரையாவது கூப்பிடுங்கோ."

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சல் வந்தாலும் வருத்தம், நெஞ்சு வலித்தாலும் வருத்தம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர் வருத்தக்காரர். 'சரியான வருத்தம்' என்றால் உடம்புக்கு மிகவும் முடியவில்லை என்று பொருள். இந்தப் பக்கத்திலோ வருத்தம் என்றால் மனவருத்தம் மட்டும்தான். கடைக்கார அக்காவின் காதில் விழுந்தது இதுதான்: புருஷனுக்குப் பெண்டாட்டி மேல் கடும் மனத்தாங்கல், பேச மறுக்கிறார்.

"வந்த எடத்துல சண்டை போட்டியளாக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஐயோ இல்லைப் பிள்ளை. நல்லாத்தான் வந்தவர். தண்ணிக்குள்ள இருந்து வரேக்கயே வருத்தத்தோடதான் வந்தவர்."

அம்மா மறுபடியும் அப்பாவின் தோளைத் தொட, அப்பா "விடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க! ஒரு பஞ்சாயத்து!"

"என்ன பஞ்சாயத்து?"

"சாருக்கு அக்கா மேல வருத்தமாம். பேச மாட்டேங்காவ."

"இதுக்கா கூப்பிட்ட? நம்ம வீட்ல தெனமும் நடக்கதுதான" என்ற அண்ணாச்சி, சூடாக ஒரு டீ குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

டீ என்றதும், அந்தப் பதற்றத்திலும் அம்மாவுக்குள் இருந்த போலீஸ் விழித்துக்கொண்டது. "சீனி போடாதேங்கோ! அவருக்கு இனிப்புக் கூடாது. நான் கண்ணிலயும் காட்டுறதில்லை."

கடைக்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாராம். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு.

"இதுதான் சங்கதியா! மனுசனக் கொண்டாந்து அல்வாக் கடைக்கு முன்னால உக்கார வச்சிட்டு, ஒரு துண்டு வாங்கிக் குடுக்கலன்னா அவிய வருத்தப்படாம என்ன செய்வாவ? அண்ணாச்சி, நீங்க சீனி தூக்கலாப் போடுங்க. அக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது."

அம்மா தடுக்கத் தடுக்க, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பிணங்கிய பிள்ளையைத் தேற்றுவது போல் முதுகைத் தடவி, டீயை வாயருகே பிடித்திருக்கிறார். அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டார். பிறகு ஒரு வாழையிலைக் கிழிசலில் சூடான அல்வா வந்தது. "ஊருல எல்லாவனும் அல்வா குடுத்து ஏமாத்துவான். நான் ஏமாத்தாமக் குடுக்கேன், தின்னுங்க சார்."

நான் தலையைப் பிழிந்துகொண்டு வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். அம்மா அழுதுகொண்டு நிற்கிறார். அப்பாவின் வாயில் யாரோ ஒரு பெண் அல்வாவை ஊட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்த இலையைப் பிடுங்கத்தான் கை நீட்டினேன். ஆனால் அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவர் என்னை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல் பார்த்தார். விரல்கள் நடுங்கின. யாரோ துண்டால் துடைத்துவிட்டிருந்த நெற்றியில் புதிதாக முத்து முத்தாக வியர்வை.

காலையில் போட்ட ஊசி நினைவுக்கு வந்தது. ஆட்டோவில் இருந்த இட்லி நினைவுக்கு வந்தது. அந்த வாரம்தான் வகுப்பில், சர்க்கரை திடீரென்று இறங்கிப்போன நோயாளியிடம் ஒரு நர்ஸ் எப்படிப் பேச வேண்டும் என்று ஜெர்மனில் பேசிப் பழகியிருந்தோம். நடுக்கம், வியர்வை, குழப்பம், எரிச்சல். நான் நோயாளியாக நடிக்க, பிள்ளைகள் சிரிக்க, ஒவ்வொன்றாக வேற்றுமொழியில் சொல்லிப் பார்த்த சொற்கள் எல்லாம் என் அப்பாவின் உருவத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

"குடுங்கோ அக்கா, இன்னும் குடுங்கோ" என்றேன்.

"உனக்கும் விசரே, பைத்தியமே?" என்று அம்மா கத்தினார்.

"அம்மா, சீனி கூடேல்லை, குறைஞ்சிட்டுது" என்றேன். அம்மாவுக்கு விளங்கவில்லை. இத்தனை காலமும் அவருக்குத் தெரிந்த சீனி கூடுகிற சீனிதான். அது குறையக்கூடும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அக்காவோ தன் பக்கத்துக்கு ஒரு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், "பாத்தியளா, மகளே சொல்லுதாவ" என்று இன்னொரு துண்டை எடுத்தார். டீக்கடை அண்ணாச்சி கேட்காமலே இன்னொரு டீ கொண்டுவந்தார்.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. அப்பா தலையை நிமிர்த்திச் சுற்றும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, இட்டலி எங்க?" என்றார்.

"பேசிட்டாவ!" என்று அக்கா கையைத் தட்டினார். அம்மாவின் பக்கம் திரும்பி, "இனிமே சண்டை போடாதிய" என்று சொல்லவும் தவறவில்லை.

ஆட்டோ அண்ணாச்சியை வரவழைத்து, இட்லியைக் கொடுத்து, அப்படியே ஒரு டாக்டரிடம் போனோம். பரிசோதித்துவிட்டு, சர்க்கரை இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும், வலிப்புகூட வந்திருக்கலாம் என்றார். "சமயத்துல இனிப்பு குடுத்திருக்கீங்க. யாரு, நீங்களா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மூவரும் மறுபடியும் ஐந்தருவிக்குப் போனோம். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பனாட்டில் பாதியை அந்த அக்காவுக்கென்று எடுத்து வைத்திருந்தார். தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்ட அக்கா, "என்ன சார், இந்த வாரம் சமாதானமா?" என்று சிரித்தார். நான் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் விளக்கினேன். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய் என்று சொன்னதும் அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

"அப்ப அன்னைக்கு நீங்க சண்டையே போடலியா? நான் வீட்ல போயி, ஒரு மனுசன் அல்வா கெடைக்கலன்னு அருவிக்கரையில உக்காந்து மொகத்தத் தூக்கி வச்சிருந்தாருன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே!"

அப்பாதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். அம்மா அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது, அக்கா கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னார்.

"எனக்கு என்னத்துக்குக்கா நன்றி? நோவுன்னு தெரிஞ்சிருந்தா நான் பயந்து போயி தொட்டே இருக்க மாட்டேன். வெளியூர் ஆளு, ஏதாவது ஆயிருச்சுன்னா யாரு பதில் சொல்லன்னு ஒதுங்கியிருப்பேன். மனசு சரியில்லன்னு நெனச்சதாலதான் பக்கத்துல வந்தேன்."

இதை அவர் ஒளிக்காமல் சொன்னதுதான் என் மனதில் ஆழமாகத் தங்கிவிட்டது. நான் சொற்களைத் திருத்திப் பிழைக்கிறவள். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் எவ்வளவு கேடு வரும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அன்று என் அம்மாவின் சொல் சரியாகப் புரிந்திருந்தால், ஆளைக் கூப்பிட ஓடியிருப்பார்கள், சீனி போடாத டீயைக் கொடுத்திருப்பார்கள், அப்பா எங்களுக்குக் கிடைத்திருப்பாரா என்று தெரியவில்லை. பேச்சு விளங்காத ஒரு வெளியூர்க்காரருக்கு மனசு சரியில்லை என்று கேள்விப்பட்டதும், வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து முதுகைத் தடவிக் கொடுக்கிற ஒரு பெண் அங்கே இருந்தார்.

அப்பாவும் அம்மாவும் ஊர் திரும்பிவிட்டார்கள். அம்மாவின் கைப்பைக்குள் இப்போது எப்போதும் ஒரு டப்பி சீனி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசும்போது, "வருத்தம் ஒண்டும் இல்லையே அப்பா?" என்று கேட்பேன். "ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை" என்பார். அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்து அர்த்தத்தில் ஒரு முறையும் ஐந்தருவி அர்த்தத்தில் ஒரு முறையும் மனதுக்குள் வாங்கிக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்து அந்த அக்காவை நினைத்துக்கொள்கிறேன்.