வில்வத்தடியில் எத்தனை தரம்?

டொக்டர் என்னுடைய தேத்தண்ணியை நிறுத்தியபோது எனக்கு எழுபத்தெட்டு வயது. நாளுக்கு ஏழு கோப்பை என்று உண்மையைச் சொன்னது என் பிழை. மூன்று என்றிருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும். நெஞ்சுப் படபடப்புக்கு ஒரு குளிசை, பிறஷருக்கு இரண்டு, முழங்காலுக்கு ஒன்று எழுதினார். "குனியிற வேலை வேண்டாம், தலை சுத்தும்" என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். மகள் அதைத் தன் போனில் எழுதிக்கொண்டாள்.

அவள் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் நான் வெளியே வந்து, எதிரிலிருந்த தள்ளுவண்டிக் கடைக்காரனிடம் என் துக்கத்தைச் சிங்களத்தில் சொன்னேன். அவன் ஒரு கிளாசை நீட்டி, "மேக்க பீலா பலன்ன மாத்தயா" என்றான். இதைக் குடித்துப் பாருங்கள் ஐயா என்று அர்த்தம். குடித்துப் பார்த்தேன். நிறம் தேத்தண்ணி மாதிரி. மணம் மட்டும் தேன்கூட்டுக்குப் பக்கத்தில் யாரோ ஊதுபத்தி கொளுத்தினது போல. என்னவென்று கேட்டேன். பெலிமல் என்றான். வில்வம்பூ!

வில்வத்தில் பூ பூக்கும் என்பதையே நான் அதுவரை யோசித்ததில்லை. நாங்கள் இலையைப் பிடுங்கிச் சிவனுக்குச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தோம். சிங்களச் சனம் பூவை அவித்துக் குடித்தது. இதில் யார் கெட்டிக்காரர் என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

கடையில் பைக்கற்றில் விற்கிறார்கள். ஒன்றை வாங்கிப் பேப்பரில் கொட்டி எண்ணினேன். பூ நாற்பத்தொன்று, காம்பு முப்பத்தாறு, என்னவென்று தெரியாதது ஒன்பது, எறும்பு ஒன்று. நான் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை செய்தவன். எறும்பை மன்னிக்கலாம். காம்பை மன்னிக்க முடியாது.

அந்தக் கிழமையே, காலி வீதி என்ற பெருந்தெருவைக் கடக்கும்போது, மஞ்சள் கடவையில் விழுந்தேன். விழுந்தேன் என்று மகள் சொல்கிறாள். குந்தி இருந்தேன் என்பதுதான் சரி. ஒரு ஓட்டோக்காரன் தூக்கிவிட்டான். மகள் சட்டம் போட்டாள்: இனித் தனியாக வெளியே போகக்கூடாது. அவளும் மருமகனும் வேலைக்குப் போனால் வர ஆறு மணி. அதுவரை நான் நாலாம் மாடியில் இருந்து கடலைப் பார்க்க வேண்டும். கடல் நல்லதுதான். ஆனால் காலையில் பார்த்ததையே பின்னேரமும் காட்டும்.

"அப்ப நான் கோயிலுக்கும் போகேலாதோ?" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

"நீங்களோ? கோயிலுக்கோ?"

"ஓம்."

எனக்கும் கடவுளுக்கும் தகராறு ஒன்றுமில்லை, அறிமுகமும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் கோயில் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது. வாசல் படலையிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தால் போதும், வீதி கடக்கத் தேவையில்லை.

"சரி, கோயிலெண்டால் மட்டும் போங்கோ. வேற எங்கயும் போனதாக் கேள்விப்பட்டால் அதுவும் இல்லை."

இப்படித்தான் நான் பக்தனானேன். முதல் நாள் கோயிலின் பின் வீதியில் கிடந்த மர வாங்கில் சும்மா குந்தியிருந்தபோது அந்த மணம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வில்வமரம். கீழே மணலில், வெள்ளையும் பச்சையும் கலந்து, கொட்டுண்டு கிடந்தது பூ. கூட்டுகிறவர் வந்து குப்பையோடு அள்ளிக்கொண்டு போக இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

சிவன் சொத்து குலநாசம் என்று ஒரு பழமொழி இருப்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அது பிள்ளையார் கோயில். வில்வம் பிள்ளையாரின் தகப்பனுக்கு உரியது. மகனுடைய வளவில் நிற்கிற தகப்பனுடைய மரத்திலிருந்து விழுந்து, குப்பைக்குப் போகவிருக்கிற பூ யாருடையது? இதைவிடச் சின்னக் காணித் தகராறுகள் இருபது வருஷம் வழக்கு நடந்ததை நான் கண்டிருக்கிறேன். சட்டைப்பையிலிருந்து முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து விரித்தேன்.

ஒரு கையால் மரத்தைப் பிடித்தபடி குனிந்து ஒரு பூவை எடுப்பேன். எண்ணிக்கையைச் சொல்லுவேன். நிமிருவேன், தலைசுற்று அடங்க நிற்பேன், அரை அடி நகருவேன். இப்படியே மரத்தை மூன்று நாலு சுற்றுச் சுற்றி வந்தால் லேஞ்சி நிறைந்துவிடும். வீட்டில் பல்கனியில் பேப்பரில் பரப்பி இரண்டு நாள் காயவைத்தேன். ஒரு கோப்பைக்குப் பன்னிரண்டு பூ, ஏழு நிமிஷம் கொதி, கடிக்கக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு. மகளுக்கும் ஊற்றிக் கொடுத்தேன். "எங்கால இது?" என்றாள். "கோயிலால" என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இரண்டாம் கிழமை, வெள்ளிக்கிழமை. பக்கத்து ஒழுங்கைப் பெண்மணி ஒருவர், ஐம்பது வயதிருக்கும், நான் நிமிரும்வரை கைகட்டி நின்று கேட்டார்.

"ஐயா, எத்தினை தரம்?"

எத்தனை பூ என்று கேட்கிறார் என நினைத்தேன். "இண்டைக்கு நூற்றெட்டு" என்றேன். உண்மையிலேயே அன்றைக்கு நூற்றெட்டுத்தான். முதல் நாள் நூற்றிருபத்துமூன்று. அதை அவர் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவரும் வந்து குனிந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி மரத்தடியில் வைத்தார். மகனுக்கு அவுஸ்திரேலியா விசா எட்டு மாதமாக இழுபடுகிறதாம். அதற்கடுத்த நாள் மூன்று பேர். திங்கட்கிழமை ஏழு. கிருலப்பனையிலிருந்து ஒருவர் பஸ் எடுத்து வந்தார். எல்லோரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு, அரை அடி அரை அடியாக நகர்ந்து, இடையில் என்னைப் போலவே தலைசுற்று அடங்குமட்டும் நின்றார்கள். அதுவும் கிரியையில் ஒரு பகுதியாகிவிட்டது. என் லேஞ்சியில் பூ அறுபத்தொன்றாகி, முப்பதாகி, பதினாலாகியது. ஒரு சமயத்தைத் தொடக்கிவைத்தவனுக்கு ஒரு கோப்பைக்குத்தான் பூ மிஞ்சியது.

அப்போது அந்தப் பெடியனுக்கு விசா கிடைத்துத் தொலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தப் பெண்மணி ஒரு தட்டு மோதகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள்தான் கதவைத் திறந்தாள்.

"உங்கட அப்பாவால தான் பிள்ளை எங்களுக்கு விடிஞ்சது. இந்த வயசில ஒவ்வொரு நாளும் நூற்றெட்டுத் தரம் குனிஞ்சு எழும்புறார். ஆர் செய்வினம்?"

"எத்தினை தரம் குனியிறார்?" என்றாள் மகள்.

நான் மோதகத்தைப் பார்த்தேன். பதினாறு இருந்தது. இதற்குமேல் மறைத்தால் அந்த மனுஷியையும் ஏமாற்றியதாகும் என்று பட்டது.

"தங்கச்சி, நான் கும்பிடேல்லை. பூப் பொறுக்கினனான். அவிச்சுக் குடிக்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "பெரியாக்கள் இப்பிடித்தான் தங்களைக் குறைச்சுச் சொல்லுவினம்" என்று மகளிடம் சொல்லி, என் காலில் விழப் பார்த்தார். தடுப்பதற்காக நான் குனிய, "அப்பா, குனியாதேங்கோ!" என்று மகள் கத்தினாள்.

அந்தப் பெண்மணி கடைசிவரை என்னை நம்பவில்லை. மகள் உடனேயே நம்பிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"அப்ப ரெண்டு கிழமையா எனக்குச் சிவன்ட சொத்தையோ ஊத்தித் தந்தனீங்கள்?"

"பத்துக் கோப்பைதான். அதுவும் தகப்பன்ட சொத்தோ மகன்ட சொத்தோ எண்டது இன்னும்..."

"கதையை விடுங்கோ. ஒரு நாளைக்கு நூற்றெட்டுத் தரம் குனிஞ்சியளோ? விழுந்து மண்டை உடைஞ்சிருந்தால்? இனிக் கோயிலும் வேண்டாம். ஒண்டும் வேண்டாம்."

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். தேத்தண்ணி போனது, தாங்கினேன். கடவை போனது; தாங்கினேன். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு அடியும் போனால், ஒரு நாளில் நான் மற்றவர்களைக் கேட்காமல் செய்யும் காரியம் மலசலகூடம் போவது ஒன்றுதான். அதை அப்படியே சொன்னேன். பகிடியாகத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது அது பகிடியாக இருக்கவில்லை.

மகள் ஒரு மோதகத்தை எடுத்துக் கடித்தாள். பாதி முடிந்தபிறகு, "கீழ ஒரு பெட்சீற் விரிச்சால் எத்தினை தரம் குனிய வேணும்?" என்றாள்.

"ரெண்டு. விரிக்க ஒண்டு, எடுக்க ஒண்டு."

"விரிக்கிறதை நான் வேலைக்குப் போகேக்க செய்யிறன்."

"அப்ப ஒண்டு."

"ஒண்டுக்கு மேல குனிஞ்சால் எனக்குத் தெரியவரும். உங்களை ஏழு பேர் பாத்துக்கொண்டு நிக்கினம்."

கோயில் ஐயரிடம் அவளே கேட்டாள். பூ மண்ணில் படாமலிருப்பது நல்லதுதானே என்றார் அவர். தனக்கும் ஒரு போத்தல் அவித்துத் தரச் சொன்னார்.

இப்போது காலை ஏழரைக்கு வில்வத்தடியில் எங்கள் பழைய வெள்ளைப் பெட்சீற் கிடக்கும். பத்து மணிக்கு நான் தனியாக நடந்து போய் வாங்கில் இருப்பேன். பக்தர்கள் வருவார்கள். பெட்சீற்றுக்கு வெளியே விழுந்த பூக்களைக் குனிந்து பொறுக்கி, கண்ணில் ஒற்றி, அதற்குள் போடுவார்கள். அது நான் குடிக்கத்தான் என்று இதுவரை நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன். நாலு பேரும் என்னைக் கும்பிட்டார்கள். நேற்று இருநூற்றுப் பதினேழு பூ. கடைசியில், நான் எழும்புவதற்கு முன்னரே யாரோ ஒரு புண்ணியவான் பெட்சீற்றை நாலு மூலையும் சேர்த்துக் கட்டி என் மடியில் வைத்துவிட்டார்.

எனக்கு உரித்தான அந்த ஒரு குனிவை அவர் எடுத்துக்கொண்டதில் கொஞ்சம் கோபம்தான்.