கூட்டமும் தம்பியும் ஒரு காமெடிப் படமும்

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குக் 'கூட்டம்' என்று பெயர். சினிமாவில் கதாநாயகன் சந்தைக்குள் ஓடும்போது பின்னால் பத்துப் பேர் கத்துவார்களே, அதில் ஏழு பேர் அவள்தான். பக்கத்து வீட்டுச் சண்டை என்றால் இரண்டு வீட்டுக்கும் அவளே பேசுவாள். "கூட்டம் வந்தாச்சா? ஆரம்பிக்கலாமா?" என்று நான் குரல் கொடுத்தால், ஒல்லியாக ஒரு பெண் டீ கிளாஸோடு உள்ளே வருவாள். புதிதாக வந்தவர்கள் அவளுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார்கள்.

இத்தனை வருஷத்தில் முகம் தெரிகிற ஒரு பாத்திரத்துக்குக்கூட அவளைப் பேச வைத்ததில்லை. எனக்கு அதில் தீராத எரிச்சல் உண்டு. வசனம் கொஞ்சம் நீளமாக இருந்தால் மூக்கால் அழுகிற மகராணிகளுக்கு ஏஸி அறை, இவளுக்கு உட்கார மாடிப்படி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பட்டனைத் தட்டுகிறவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் அந்த இயக்குநர் வந்தார். நல்ல பையன், சிரித்த முகம்.

"ஒரு பொண்ணு சார். அவளுக்குள்ள அஞ்சு பேரு. மணிச் சத்தம் கேட்டா ஆள் மாறிடும். குழந்தை, கிழவி, ரவுடி, அரசியல்வாதி, கடைசியா ஒரு கொலைகாரி. செம காமெடி. அஞ்சு குரலும் ஒரே ஆளு பேசினா நல்லா இருக்கும். உங்ககிட்ட ஒரு அக்கா இருக்காங்களாமே?"

நான் மாடிப்படிக்கு ஓடினேன். "கதாநாயகி! படத்துல பேரும் போடறாங்க!" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. கதையைச் சொன்னதும் அப்படியே வாடிவிட்டது.

அவள் தம்பியைப் பற்றி எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒருவருக்குள் பல ஆளுமைகள் இருக்கிற கோளாறு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் இவர்கள் வளர்ந்த ஒரு சொந்தக்காரர் வீட்டில், அந்தப் பிள்ளை தாங்க முடியாததையெல்லாம் தாங்கியிருக்கிறான். அப்போது மனம் தன்னைப் பிரித்துக்கொண்டுதான் உயிர் பிழைத்தது. ஒருவர் வந்துபோன நேரம் மற்றவருக்கு நினைவிருக்காது.

அவன் முன்பு ஒரு அச்சகத்தில் இருந்தான். விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. அந்தச் சமயம் இதே மாதிரி ஒரு படம் வந்து சக்கைப்போடு போட்டது. அதில் தலையில் அடி விழுந்தால் ஆள் மாறும். அச்சகத்தில் ஒருவன் விளையாட்டாகத் தம்பியின் தலையில் தட்டி, "இப்ப யாரு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் இன்னொருவன் தட்டினான். பிறகு, காகிதம் வெட்டும் மேசையிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். ஏன் என்றால், படத்தில் கடைசியாக வருகிற ஆள் கத்தியைத் தூக்குவானாம்! ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத பிள்ளை. அதோடு வீட்டுக்குள் முடங்கினவன், இப்போதுதான் ஒரு பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறான். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"நான் பேசி, அதைப் பார்த்துட்டு அவனை இங்கேயும் தட்ட ஆரம்பிச்சா என்ன பண்றது அண்ணே?" என்றாள்.

தம்பியிடமே கேட்டிருக்கிறாள். அவன் யோசித்துவிட்டு, "நீ பேசுக்கா. ஆனா நான் வந்து பார்ப்பேன்" என்றானாம்.

வந்தான். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மாவு ஒட்டிய நகங்கள், வெட்கச் சிரிப்பு. திரையில் மணி அடித்தது, நாயகி கண்ணை உருட்டித் தலையைச் சுற்றிக் குழந்தையானாள். உள்ளே அக்கா மழலை பேசினாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்களுக்கும் ஒரு மணி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் சார்! முன்கூட்டியே தெரிஞ்சிடுமே" என்றான். பிறகு, "நிஜ காமெடியைக் கேளுங்க. எனக்குள்ள இருக்கிற ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு பல் பிரஷ் வாங்கி வச்சிட்டோம். குளியலறைக் குவளையைப் பார்த்துட்டு வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துட்டாரு. 'ரெண்டு பேருன்னு சொல்லிட்டு ஆறு பேர் குடியிருக்கீங்களா'ன்னு!"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கிழவி முடிந்தது, ரவுடி முடிந்தது, அரசியல்வாதிக்கு இயக்குநர் கைதட்டினார். கொலைகாரி வந்ததும் குரல் நின்றுவிட்டது. நாயகி சமையலறைக் கத்தியோடு நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். "எல்லாரையும் கொல்லப்போறேன்" என்று உறும வேண்டும். அவ்வளவுதான் வசனம். மறுபடி மறுபடி எடுத்தோம். உறுமல் வரவில்லை, இருமல்தான் வந்தது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று நான் ஒலிப்பதிவை நிறுத்தினேன். திரும்பினால், தம்பி தன் கையிலிருந்த டீ கிளாஸை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"மன்னிக்கணும். நீங்க யாரு? இது என்ன இடம்?" என்றான்.

அவ்வளவுதான். கண் உருளவில்லை, தலை சுற்றவில்லை. காதைத் தீட்டிவைத்துப் பிழைக்கிற எனக்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அவள் மைக் அறையிலிருந்து எங்கள் பக்கம் வந்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். "வாங்க" என்றாள். தம்பியை வாடா போடா என்கிறவள்! "இது நான் வேலை செய்யற இடம். இவர் என் அண்ணன் மாதிரி. பயப்பட ஒண்ணும் இல்லை, உக்காருங்க."

"கையில டீ இருந்துச்சு" என்றார் இப்போது வந்தவர். "எனக்கு டீ பிடிக்காதே."

"எனக்குத் தெரியும். தண்ணி கொண்டுவரேன்."

ஆள் மாறியதை இயக்குநர் கவனிக்கவில்லை. "உங்க தம்பி ரொம்ப மரியாதையான ஆளுக்கா" என்றார். அவள் தலையாட்டினாள்.

தண்ணீர் கொடுத்துவிட்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். "போடுங்க அண்ணே" என்றாள். முதுகு காட்டும் காட்சியில் உதடு தெரியாது. எந்த வசனத்தையும் அங்கே ஒட்டவைக்கலாம் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மணி அடித்தது. திரையில் எல்லாரும் அலறி ஓடினார்கள். அவள் உறுமவில்லை. மிகச் சாதாரணமான, குழம்பிப்போன குரலில் சொன்னாள்:

"நான் இப்பத்தாங்க வந்தேன். யாருங்க இந்தக் கத்தியை என் கையில கொடுத்தது?"

இயக்குநர் நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தார். "அக்கா, இது எழுதினதைவிட நல்லா இருக்கே! இதையே வச்சுக்கலாம்!" என்றார். சிரிப்பு வந்தால் போதும் அவருக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படம் ஒன்றும் திருந்திவிடவில்லை. மணி அப்படியே இருந்தது, கண்ணை உருட்டுவதும் இருந்தது. தியேட்டரில் நாங்கள் மூவரும் சேர்ந்து பார்த்தோம். கத்தி வந்ததும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த வசனத்துக்குத்தான் மொத்த அரங்கமும் வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒரு அம்மா, "ஐயோ பாவம் அந்தப் பொண்ணு" என்றதும் காதில் விழுந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது தம்பி எழுந்து நின்று அக்காவின் பெயரைச் சத்தமாகப் படித்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவன் சொன்னானாம்: "படம் பார்த்து அவங்களா தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே முதலாளிகிட்ட சொல்லிடறேன்." அவள் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தாள். ஒரு கல்யாணக் கூட்டம் பேச வேண்டியிருந்தது. பேசியதில் பாதிப் பேர் அழுதார்கள். மத்தியானம் தம்பி போன் செய்தான். அவள் அதை எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சொல்லிட்டேன்க்கா. மாவு பிசைஞ்சுட்டே கேட்டாரு. 'வேற வேற ஆளு வந்தா ரொட்டியைக் கருகாம எடுப்பாங்களா'ன்னாரு. ஒருத்தர் மட்டும் கொஞ்சம் கருக விட்டுடுவாருன்னு உண்மையைச் சொல்லிட்டேன்."

"ஐயோ, அதையும் சொன்னியாடா? என்ன சொன்னாரு?"

"'அவரு வந்தா என்கிட்ட கூட்டிட்டு வா, அடுப்பை நானே அவருக்குச் சொல்லித்தரேன்'னாரு."