முழுக் கோப்பையும் பூமித்தாய்க்கே

எவாரிஸ்டோவுக்குப் பெற்ற தாயே பால் கொடுத்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறாளா என்று பார்க்கும் புத்தி. உருபம்பாவுக்கு மேலே மலையில் அவரை அறியாதவர் இல்லை. யார் வீட்டில் விதைப்பு என்றாலும் மண்வெட்டியோடு முதல் ஆளாக நிற்பார், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு முன் மக்காச்சோள பீரை, அதுதான் சிச்சாவை, கையில் கொடுத்தால் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுப்பார். காய்ச்சினவள் சர்க்கரை போட்டிருப்பாளோ? சாராயம் கலந்திருப்பாளோ? எல்லோரும் பூமித்தாய்க்கு நாலு சொட்டு விட்டுவிட்டு மீதியைக் குடிப்பார்கள். இவர், "பூமித்தாய்க்கு!" என்று சொல்லி முழுக் கோப்பையையும் மண்ணில் கவிழ்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். இருபது வருஷமாக இதை யாரும் கவனிக்கவில்லை என்பது அவர் நினைப்பு.

வீட்டில் அவர் நம்பிக் குடித்தது மனைவி ப்ரிமித்திவா காய்ச்சியதை மட்டும்தான். இந்த வருஷம் அவள் மகளின் பிரசவத்துக்கு லிமா போய்விட்டாள். போகும்போது, "விதைப்புக்கு எர்மெலிந்தா கிட்ட சிச்சா வாங்கிக்க. வம்பு பண்ணாத" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

எர்மெலிந்தா பக்கத்துத் தெரு. சிச்சா உண்டு என்பதற்கு அடையாளமாக வாசல் கம்பில் சிவப்புப் பையைக் கட்டி விற்பவள். ஊரில் பாதி வீட்டு விதைப்புக்கு அவள் சிச்சாதான் போகும். அவளிடம் வாங்குவதா? எவாரிஸ்டோ தானே காய்ச்சுவது என்று முடிவு செய்தார்.

சோளத்தை ஊறவைத்து, வைக்கோலில் பரப்பி மூடினார். முளை ஒரே சீராக வராதபோது பக்கத்து வீட்டு நிகானோரின் கோழிகள் மேல் சந்தேகம் வந்தது. அதைக் காயவைத்து, அரைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிக்கவிட்டு வடிகட்டியபின்தான் உறைத்தது: பொங்க வைக்கப் பழைய சிச்சாவின் அடிமண்டி வேண்டும். ப்ரிமித்திவா பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் எர்மெலிந்தாவின் வாசலில் போய் நின்றார்.

அவள் ஒரு குவளை மண்டியைக் கொடுத்தாள். அவர் நகரவில்லை.

"நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டு."

"மண்டியையா? யோவ், உனக்கு விஷம் வெச்சு எனக்கு என்னய்யா கெடைக்கப் போவுது? உன் குதிரமூஞ்சிக் கழுதையா?"

அவள் குடித்துக் காட்டிய பிறகே வாங்கிக்கொண்டார். பானையில் ஊற்றி, போர்வை சுற்றி, யார் கண்ணும் படாமல் இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நுரை பொங்கியது. இவ்வளவு சீக்கிரம் பொங்கலாமா? அதிலும் சந்தேகம்தான். ஆனால் குடித்துப் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது. ப்ரிமித்திவா காய்ச்சுவதைவிட நன்றாக இருந்தது. இதைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

விதைப்பு நாளில் பதினாலு பேர் வந்தார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இன்று விதை மண்ணுக்குள் போகாவிட்டால் நாளை இவர்கள் வேறொருவர் காட்டில் நிற்பார்கள். வரப்போகும் மழையின் ஈரம் வீணாய்ப் போய்விடும், வருஷத்துச் சோளமும் போய்விடும்.

வழக்கப்படி எவாரிஸ்டோ முதலில் தான் குடித்துவிட்டு அடுத்ததை நிகானோரிடம் நீட்டினார். நிகானோர் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தான்.

"பூமித்தாய்க்கு!" முழுவதையும் மண்ணில் கவிழ்த்தான்.

அடுத்தவனும் அப்படியே. பதினாலு கோப்பையும் தரைக்குப் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. மண்வெட்டிகள் சுவரில் சாய்ந்தபடி இருந்தன.

"எவன்டா உங்களக் கலைச்சு விட்டது?" என்று கத்தினார் எவாரிஸ்டோ.

"யாரும் கலைக்கலண்ணே," என்றான் நிகானோர். " எங்க வீட்ல நீ குடிக்கிற மாதிரிதான் நாங்களும் குடிச்சோம். என் வாசல்ல நீ ஊத்துற எடத்துல புல்லு இன்னும் தள்ளாடுது."

சமையலுக்கு உதவ வந்திருந்த எர்மெலிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடத்திலிருந்து ஒரு கோப்பை மொண்டு அவரிடம் நீட்டினாள்.

"இது என்னுது. குடி."

பழக்கதோஷம், மூக்கு தானாகக் குனிந்தது.

"மூக்க வெளிய எடு!"

பதினாலு பேரும் அவர் கையையே பார்த்தார்கள். அவர் ஒருமுறை மேகத்தைப் பார்த்தார். நாலே நாலு சொட்டு மண்ணில் விட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது... நான் காய்ச்சினது மாதிரியே இருக்கே?"

"ஏன் இருக்காது? மண்டி யாரு வீட்டுது?"

எவாரிஸ்டோ வெறும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்தைவிட வயிற்றெரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

"இருவது வருஷம்... இதையா நான் கீழ ஊத்தினேன்?"

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நிகானோர் அவர் பானையிலிருந்து தானே மொண்டு, நாலு சொட்டு விட்டு மீதியைக் குடித்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டான். ஒவ்வொருவராகக் குடித்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார்கள்.

எப்போதும் முதல் ஆளாக இறங்குகிறவர் மட்டும் இன்னும் எர்மெலிந்தாவின் முன் நின்றுகொண்டிருந்தார். கோப்பையை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துக்கா."